வேலைக்கும் போய்க்கொண்டு தொண்டூழியக் காவலராக முடியுமா?

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டதை அப்படியே சொல்லிவிடுகிறேன்: "அண்ணா, எனக்கு வயது 33. ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். போலீசில் தொண்டூழியர்களுக்கு என்று ஒரு படை இருப்பதாக நண்பர் சொன்னார். வேலையை விடாமல் அதில் சேர முடியுமா? நிஜமான போலீஸ் அதிகாரம் உண்டா, இல்லை விழாக் கூட்டத்தில் கயிறு பிடிக்க மட்டும்தான் கூப்பிடுவார்களா? துப்பாக்கி கொடுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து மனைவி வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?"

தம்பி, முடியும். வேலையை விடத் தேவையே இல்லை. அந்தப் படையே வேறு வேலை பார்ப்பவர்களுக்காக இருப்பதுதான். வங்கியில் இருப்பவர், பள்ளி ஆசிரியர், சொந்தக் கடை வைத்திருப்பவர் என்று பலரும் பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையிலோ வார இறுதியிலோ சீருடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். பெண்களும் இருக்கிறார்கள்.

இது புதிதாக வந்த திட்டமும் இல்லை. போர் முடிந்த கையோடு 1946ல் தொடங்கிய தொண்டூழியச் சிறப்புக் காவல்படை இது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே இருக்கிறது.

அடுத்து அதிகாரம். இதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். பணியில் இருக்கும் நேரத்தில் ஒரு தொண்டூழியக் காவலருக்கு, முழுநேரக் காவலருக்கு உள்ள அதே அதிகாரம் சட்டப்படி உண்டு. கைது செய்யலாம், சோதனை போடலாம், வாக்குமூலம் எடுக்கலாம். சீருடையும் அதேதான், கையில் அதிகாரப்பூர்வ அடையாள அட்டையும் உண்டு. நீங்கள் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் நின்றால், அங்கே இருப்பவருக்கு நீங்கள் வாரத்தில் ஐந்து நாள் கிடங்கில் வேலை பார்ப்பவர் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். அவருக்கு நீங்கள் போலீஸ்.

நான் இளையர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பகுதி நேரம் என்பது உங்கள் நேரத்துக்கு மட்டும்தான். அதிகாரத்தில் பகுதி கிடையாது, பொறுப்பிலும் பகுதி கிடையாது. இரவு 11 மணிக்கு நீங்கள் ஒருவர் கையில் விலங்கு மாட்டினால், அது முழு விலங்கு. சரியாகச் செய்தீர்களா என்று பிறகு நீதிமன்றம் கேட்டால், "நான் தொண்டூழியர்தானே" என்ற பதில் அங்கே எடுபடாது. இது பிடித்திருந்தால் மேற்கொண்டு கேளுங்கள். நெருடலாக இருந்தால் வேறு வழிகளும் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செர்ட்டிஸ், ஏடாஸ் பாதுகாப்பு நிறுவனங்களின் துணைப் போலீஸ் அதிகாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அது சம்பளத்துக்குப் பார்க்கும் முழுநேர வேலை. அவர்களுக்கு உள்ள அதிகாரமும் அந்தப் பணிக்கு உட்பட்டது. தொண்டூழியப் படை நேரடியாகச் சிங்கப்பூர்க் காவல்துறையின் பகுதி. மணிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னப் படித்தொகை தருவார்கள், அவ்வளவுதான். அதை வருமானமாக எண்ணி வர வேண்டாம். பணம் தேவைப்பட்டால் கிடங்கிலேயே ஓவர்டைம் பார்ப்பது நல்லது. இதை மனதாரச் சொல்கிறேன்.

சரி, பயிற்சி. பழைய சுவா சூ காங் சாலையில் ஹோம் டீம் அகாடமி இருக்கிறதே, அங்கேதான். பல மாதங்கள் போகும். பெரும்பாலும் வார நாள் மாலைகள், இடையிடையே வார இறுதிகள். வேலை முடிந்து உட்லண்ட்ஸிலிருந்தோ தெம்பனிஸிலிருந்தோ அங்கே போய்ச் சேருவதே ஒரு வேலை. வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பாதியில் நிற்பவர்கள் நிற்பது பெரும்பாலும் பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, இந்த அலைச்சலால்தான்.

பாடத்தில் பாதி சட்டம். தண்டனைச் சட்டத் தொகுப்பு 1871ல் இயற்றப்பட்டது, இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். அதோடு குற்றவியல் நடைமுறைச் சட்டம். எந்தக் குற்றத்துக்கு ஆணை இல்லாமல் கைது செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்பது தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் அடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கைப்பேசியை எடுத்துச் சட்டம் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா? சட்டமும் அப்படியே நிற்பதில்லை. தற்கொலை முயற்சி முன்பு குற்றமாக இருந்தது, 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை. ஆனால் அந்த அழைப்புக்குப் போலீஸ் இன்றும் ஓடித்தான் போகிறது. அந்த மனிதரைச் சந்தேக நபராகப் பார்க்காமல், காப்பாற்றப்பட வேண்டிய ஆளாகப் பார்ப்பதற்குச் சட்டமே இப்போது துணை நிற்கிறது. எனக்கு மிகவும் நிம்மதி தந்த மாற்றம் இது.

மீதிப் பாதி உடம்புக்கும் கைக்கும். அணிவகுப்பு, தற்காப்பு, கைவிலங்கு மாட்டுவது, தடியைப் பயன்படுத்துவது, முதலுதவி, சுடும் பயிற்சி. தேசிய சேவை முடித்தவர் என்றால் அணிவகுப்பு உங்களுக்குப் பழக்கம்தான். ஓட்டத்தை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். அந்த 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஞாபகம் இருக்கும். 33 வயதில் அது வேறு மாதிரி இருக்கும்.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், உங்கள் மனைவிக்காக. பணி தொடங்கும்போது நிலையத்து ஆயுத அறையில் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா போடுவதும் எடுப்பதும் அதற்கென்று உள்ள இடத்தில், முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பணி முடிந்ததும் அதே எண்ணிக்கை, அதே கையெழுத்து. துப்பாக்கி வீட்டுக்கு வராது. அலமாரியில் இருக்குமோ, பிள்ளை கையில் மாட்டுமோ என்று அவர் பயப்படவே வேண்டாம். இடுப்புவார் கனமாக இருக்கும். கைவிலங்கு, தடி, வாக்கிடாக்கி எல்லாம் அதில்தான். பணி முழுக்க அதைச் சுமந்து இடுப்பு வலிப்பதுதான் பலருக்கும் உள்ள பெரிய தொல்லை. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமலேயே ஆண்டுக்கணக்கில் பணி செய்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நல்ல காவலருக்கு அதுதான் பெருமை.

பயிற்சி முடிந்ததும் மாதத்துக்குக் குறைந்தது 16 மணி நேரம் பணி எதிர்பார்ப்பார்கள். இரண்டு ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்தில் இருப்பார்கள். 999 அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தால் முழுநேரக் காவலரோடு சேர்ந்து வண்டியில் போவது, கால்நடையாக ரோந்து போவது, புகார் எழுதுவது. போக்குவரத்துப் போலீசிலும், எம்ஆர்டி ரயில், பேருந்து நிலையங்களில் ரோந்து போகும் பொதுப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவிலும் தொண்டூழியர்கள் உண்டு.

நடைமுறையில் என்ன வேலை என்று கேட்டால், திரைப்படத்தில் வருவது போல எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுச் சத்தம், அப்பா மகன் சண்டை, காணாமல் போன முதியவர், கடையில் திருட்டு. அதிகம் பேசுவதைவிட அதிகம் கேட்கும் வேலை. பொறுமை இல்லாதவருக்கு முதல் மாதத்திலேயே சலித்துவிடும்.

தமிழ் பேசுபவர்கள் ஏன் இதில் நிறைய வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? ஒன்று சொல்கிறேன். பணியில் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது கண்டிப்பான விதி, அதனால் ஆள் யார், எங்கே, எப்போது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு பாட்டி. தொலைபேசியில் யாரோ அதிகாரி போலப் பேசி, சேமிப்பை வாங்கிவிட்டார்கள். மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கேள்வி கேட்பது ஆங்கிலத்தில், பதில் சொல்வது மகன், நடுவில் பாட்டியைத் திட்டுவதும் மகனே. பாட்டி தலையைக் குனிந்தபடி இருந்தார். எல்லாவற்றுக்கும் "ஞாபகம் இல்லை" என்றே மகன் வழியாகப் பதில் வந்தது. மகனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "பாட்டி, நீங்க மட்டும் சொல்லுங்க, நான் கேக்குறேன். அவசரமே இல்ல" என்று தமிழில் சொன்னதும் அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே நாலாக மடித்த நாட்காட்டித் தாள் ஒன்று. அதன் பின்பக்கம் பென்சிலில், அழைத்தவன் எண், அழைத்த நேரம், அவன் சொன்ன பெயர், பணம் போட்ட கணக்கு எண் எல்லாம் தமிழ் எழுத்தில் வரிசையாக இருந்தன. மகனிடம் காட்ட வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தார்.

அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்று நினைத்துப் பாருங்கள். 2024ல் மட்டும் மோசடிகளில் சிங்கப்பூரில் பறிபோனது 110 கோடி வெள்ளிக்கு மேல். போலீசில் இதற்கென்றே மோசடி எதிர்ப்புத் தலைமையகம் 2022ல் அமைத்தார்கள். வங்கிகளோடு பேசிக் கணக்கை முடக்குகிறார்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான். சரியான எண் அரை மணி நேரம் முன்னால் கிடைத்தால், கொஞ்சமாவது மிஞ்ச வழி உண்டு. சட்டம் தெரிந்தவர்கள் அந்த அறையில் பலர் இருந்தார்கள். பாட்டியின் மொழி தெரிந்தவர் ஒருவர்தான்.

தைப்பூசத்திலும் அப்படித்தான். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் வரும்போது ஒரு குழு நின்றுவிட்டால் பின்னால் வரிசையே தேங்கிவிடும். அலகு குத்தி நிற்பவரால் வெயிலில் வெகுநேரம் நிற்க முடியாது. "அண்ணே, பின்னாடி காவடி காத்திருக்கு, கொஞ்சம் நகந்துக்குங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் கேட்டீர்களே, கயிறு பிடிக்கும் வேலையா என்று? கயிறும் பிடிக்க வேண்டியிருக்கும் தம்பி. அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த கலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு 2015ல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, லிட்டில் இந்தியாவில் வார இறுதிக்கு இன்னும் கெடுபிடி. ஊரிலிருந்து வந்து ஒரு வாரமான தொழிலாளிக்கு இது எப்படித் தெரியும்? அதட்டுவதற்கு முன் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால், பத்து நிமிடத்தில் சிரித்துக் கும்பிட்டுப் போய்விடுவார். இந்த வேலையை நம் பிள்ளைகள் செய்யாமல் வேறு யார் செய்வது?

இனி, யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. ஷிஃப்ட் முடிந்தாலும் வேலை முடியாது. கைது நடந்தால் அறிக்கை எழுத வேண்டும், பறிமுதல் செய்ததைக் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சியாக நீங்களும் நிற்க வேண்டி வரலாம், அது வேலை நாளாகத்தான் இருக்கும். அதனால் முதலாளியிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிடங்கில் மேற்பார்வையாளர் என்கிறீர்கள், உங்களுக்குப் பதில் நிற்க ஆள் வேண்டும் அல்லவா? சம்மதிக்காத முதலாளி என்றால், வேலை மாறும்வரை பொறுத்திருப்பதில் தப்பில்லை.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பயம் நியாயமானது. "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லி மூடிவிடாதீர்கள். ஆபத்து அறவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தனியாக அனுப்ப மாட்டார்கள், அனுபவமுள்ள காவலர் கூட இருப்பார், உடலில் மாட்டும் கேமரா இருக்கும், வாக்கிடாக்கியில் உதவி கேட்டால் வரும். இதையெல்லாம் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், வாரத்தில் எந்தெந்த மாலைகள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை உட்கார்ந்து பேசுங்கள். அவர் அரைமனதோடு சரி என்று சொன்னால் அந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு இன்னொரு வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் போவது யாருக்கும் நல்லதில்லை.

வேறு வழிகள் என்றேனே. தொண்டூழியப் படையிலேயே சமூகப் பிரிவு ஒன்று உண்டு. துப்பாக்கி இல்லை, பயிற்சியும் குறைவு, ரோந்து போய் மக்களிடம் பேசுவதுதான் முக்கிய வேலை. நீங்கள் அதில் சேர உங்கள் மனைவி சம்மதிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் குடியிருப்பாளர்களே சேர்ந்து போகும் சுற்றுக்காவல் குழுக்கள் உண்டு.

விண்ணப்பம் காவல்துறையின் இணையத்தளத்தில் இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பின்னணியைச் சரிபார்ப்பார்கள், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. கல்வித் தகுதியையும் மற்ற நிபந்தனைகளையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள். நேர்காணலில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். எனக்கு அனுப்பிய குரல்பதிவின் கடைசியில், உங்கள் புளோக்கில் ஒரு முதியவர் வழிதவறிப் போய் இரவு முழுக்கத் தேடியதைச் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள், போதும்.