கை காட்டினால் கரண்டியை நிறுத்துங்கள்

(சேலம் மூக்கனேரிக் கரையில் காலை நடக்கிற நண்பர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, (அவர் கையால் பிரம்படி வாங்கியவன் நான், அதனால் முதல் வணக்கம் அவருக்கு), மூன்று கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நம் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து நான் ஏதாவது தப்பாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த அண்ணன் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் நன்றி. பொன்னாடைக்கும் நன்றி. போன வருஷம் நான் இன்னொருவருக்குப் போர்த்திய அதே பொன்னாடைதான் இது என்று நினைக்கிறேன், பரவாயில்லை, சுற்றி வரட்டும்.

உடம்பு எடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவன். அதில் முப்பது வருஷம் அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டவன், தகுதி அவ்வளவுதான். 58 வயதில் 91 கிலோ இருந்தேன். இப்போது 79.

ஐந்து விஷயம் சொல்லப்போகிறேன். மெல்லுவது, பரிமாறுவது, ராத்திரிச் சாப்பாடு, தூக்கம், நடை. எங்கள் பாட்டி சொல்வார், ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று. நம் சேலத்துக்காரர்கள் அதைக் கொஞ்சம் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டோம். நொறுங்கத் தின்னச் சொன்னால் நொறுக்கலைத் தின்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தத் தள்ளுவண்டியையும் பாருங்கள், தட்டுவடை செட் ஒரு தட்டு, அது முடிவதற்குள் தட்டுவடையை நொறுக்கிக் கலந்த நொறுக்கல் ஒரு தட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய் ஒன்றும் தெரியாதவர் போல ராத்திரிச் சாப்பாடு.

சிரிக்காதீர்கள், கணக்கைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 100க்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31தான். இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். பேண்ட் சைஸைச் சொல்லவில்லை. தொப்பைக்குக் கீழே பேண்டை இறக்கிக் கட்டிக்கொண்டு ‘எனக்கு 34தான்’ என்று சொல்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் விஷயம், மெல்லுவது. வயிறு நிறைந்தது என்கிற சேதி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். நாம் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்தால் மீதிப் பத்து நிமிஷமும் பசி இருப்பதாகவே மூளை நினைத்துக்கொண்டிருக்கும், இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கொள்வோம். பாட்டிக்கு இந்த விவரம் தெரியாது, ஆனால் நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றார். இன்னொன்று, பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிடுங்கள், சோறு அப்புறம். இந்த ஒன்றை மாற்றியதற்கே எனக்கு ஒரு கரண்டி சோறு தானாகக் குறைந்தது.

ஆனால் பந்தியில் எப்படி ஐயா 20 நிமிஷம் உட்காருவது? நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்கிறார். அவர் மூச்சு நம் பிடரியில் படுகிறது. மோர் ஊற்றினார்களா என்று அவர்தான் நம் இலையை எட்டிப் பார்க்கிறார்.

இங்கேதான் ரெண்டாவது விஷயம் வருகிறது. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்திருந்தார். சரி, இன்றைக்கு அளவோடு என்று முடிவு பண்ணி மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தேன். பந்தி மேற்பார்வை யார் என்று நினைக்கிறீர்கள்? என் மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். தோளில் துண்டு, வாயில் ஒரே வாக்கியம், “மாப்பிள்ளைக்குப் போடு.” சாம்பார் சோறு முடிந்தது, ‘மாப்பிள்ளைக்குப் போடு.’ ரசத்துக்கு, ‘மாப்பிள்ளைக்குப் போடு.’ வடை வேண்டாம் என்றேன், இலையில் ரெண்டு வந்து விழுந்தது. இலையை மூடிவிடலாம் என்று நுனியைத் தொட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், என் கையைப் பிடித்து இலையைத் திறந்து வைத்துவிட்டு, “பொண்ணு வீட்டுக்காரங்க மனசு சங்கடப்படும் தம்பி” என்கிறார். அப்போது வாளியோடு பாயசம் வந்தது. ஜவ்வரிசிப் பாயசம். நம் ஊர்ப் பிழைப்பு அது, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டவன், ஜவ்வரிசி ஆலை வைத்தவன் எல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முழுக்க மாவு, அதோடு வெல்லம். போதும் என்று இடது கையை இலைமேல் விரித்து மறைத்தேன். அந்தப் பையன் என் கையைப் பார்க்கவே இல்லை, அவன் மச்சான் முகத்தைப் பார்த்தான். மச்சான் தலையை ஆட்டினார். ஊற்றிவிட்டான்.

கொதிக்கக் கொதிக்க, என் கைமேல். சாம்பார் என்றால் வழிந்து போயிருக்கும். ஜவ்வரிசி போகுமா? ஒட்டிக்கொண்டது. கைக்கடிகாரத்துக்குள் எல்லாம் ஜவ்வரிசி, மணி 12.40லேயே நின்றுவிட்டது. நான் அலறுகிறேன், யாரோ ஓடிப்போய் இட்லி மாவு கொண்டுவந்து பூசுகிறார்கள். (டாக்டர் அம்மா முறைக்கிறார். குளிர்ந்த தண்ணீரில் காட்ட வேண்டும், மாவு பூசக் கூடாது, சரிங்க அம்மா.) இவ்வளவுக்கும் அப்புறம் மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? “பாயசம் வேண்டாம்னு கை காட்டி எங்களை அவமானப்படுத்திட்டீங்களே மாப்பிள்ளை.” ஆறு மாசம் பேசவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வேண்டுமானால் வந்து பாருங்கள்.

அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தோன்றியது. நாம் பசிக்குச் சாப்பிடுவதில்லை, அடுத்தவர் திருப்திக்குச் சாப்பிடுகிறோம். வீட்டில் அம்மா, விருந்தில் சம்பந்தி, பந்தியில் மச்சான். பாட்டி நொறுங்கத் தின்னச் சொன்னாரே தவிர நெருக்கித் தின்னச் சொல்லவில்லை. அதனால் என் கடையில் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் ஒன்று கேட்க ஆரம்பித்தேன். கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்: ‘பந்தியில் கேட்டுப் பரிமாறுவோம். போதும் என்றால் விட்டுவிடுவோம்.’ ஒரு அப்பா புரூஃபைப் பார்த்துவிட்டு, “சாப்பாட்டில் கஞ்சத்தனம் என்று பேசுவார்கள்” என்று அந்த வரியை அடித்துவிட்டார். ‘அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்’ என்று முதன்முதலில் போட்டவர்களையும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். இதுவரை 11 வீட்டார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுப் பந்தியில் நானே வாளி தூக்கினேன், கேட்டுக் கேட்டுப் போட்டேன். எடுத்துப்போட்ட இலைகளில் மிச்சமே இல்லை, சமையல் மாஸ்டர் ஆச்சரியப்பட்டார்.

மாமன்ற உறுப்பினர் அம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் இந்த வரியைப் போடுவதாக மேடையில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிரிக்கிறார். சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பட்டினி கிடந்து குறைக்கலாமா என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். தம்பி, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் பஸ் எப்படி இறங்குகிறது? டிரைவர் சின்ன கியரில் போட்டு மெதுவாக இறக்குவார். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே தீய்ந்த வாசம் வரும். நாலு நாள் பட்டினி பிரேக் மாதிரி, அஞ்சாவது நாள் சேர்த்துவைத்துத் தின்போம். 12 கிலோ குறைய எனக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாப்பாட்டையும் விடாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். நடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தலைமை ஆசிரியர் ஐயா மணியைப் பார்க்கிறார், பிரம்பு இல்லாவிட்டாலும் பயம் போகவில்லை.

வாசலில் மேஜைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஒரு வருஷத்துக்குள் வீட்டில் விசேஷம் இருக்கிறவர்கள் பெயரை எழுதுங்கள், அந்த வரியை நானே இலவசமாகக் கோர்த்துத் தருகிறேன். பேனாவை நூலில் கட்டிப் போட்டிருக்கிறேன். போன கூட்டத்தில் ரெண்டு பேனா போய்விட்டது.