டாங்கிள் செத்தால் நம் கோப்பும் சாகுமா?

[காட்சி: மேசைமேல் ஒரு பழைய டாங்கிள், பக்கத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை]

இதோ என் கையில் இருக்கிறதே, கட்டைவிரல் நீளத்துக்கு, இதன் பெயர் டாங்கிள். 2003-இல் கும்பகோணத்தில் எங்கள் டிடிபி கடைக்கு (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும் கடை) ஒரு தமிழ் எழுத்துரு, அதாவது ஃபான்ட், மென்பொருள் வாங்கினோம், கூடவே இதைக் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் ஒயர் சொருகும் 25 துளை இடம் இருக்கும் இல்லையா, அதில் இதைச் சொருகி, இதன் முதுகில் பிரிண்டரைச் சொருக வேண்டும். மென்பொருள் திறக்கும்போது இதனிடம் ஒரு கேள்வி கேட்கும், உள்ளே இருக்கும் சில்லு சரியான பதில் கொடுத்தால்தான் வேலை ஓடும்.

நகல் எடுக்காதபடி இப்படிப் பூட்டுப் போட்டவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஒவ்வோர் எழுத்தாக உட்கார்ந்து வரைந்தவர்கள் அவர்கள். ஒரு கடைக்காரர் வாங்கினால் தெரு முழுக்க சிடியில் நகல் போட்டுக்கொண்ட காலம் அது.

[காட்சி: திரையில் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்]

2012 தை மாதம், முகூர்த்தம் குவிந்து கிடக்கும் நேரம், டாங்கிள் செத்துப்போனது. கம்பெனிக்குப் போன் அடித்தால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. மென்பொருள் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்பது வருஷ வேலை, 2004 மகாமகத்துக்குப் போட்ட சிறு புத்தகங்கள், கும்பாபிஷேக மலர்கள், உபயதாரர் பட்டியல்கள், எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் ஒரு வரி படிக்க முடியவில்லை! ஏன் என்றால் அவற்றில் இருந்தவை யூனிகோடு எழுத்துகள் இல்லை. யூனிகோடு என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே எண் கொடுக்கும் பொது முறை. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள், அதுவும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு. எங்களுடையது எழுத்துருவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து, ஓடும்போது மட்டும் வெளியே விடும். அது ஓடாவிட்டால், இப்போது திரையில் பார்க்கிறீர்களே, இதுதான் மிஞ்சும்.

அதே வாரம், பூட்டை உடைத்த காப்பி போட்டு வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. என்னிடம் வந்த பத்திரிகை வேலையெல்லாம் அவரிடம்தான் போனது. ரசீதோடு வாங்கிய என் கடையில் பிரிண்டர் சும்மா கிடந்தது. (உடைத்த காப்பியில் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும், அந்த வழிக்குப் போகாதீர்கள்.)

இப்போது டாங்கிள் குறைந்துவிட்டது, பூட்டு இணையத்துக்குப் போய்விட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு மன்னார்குடியில் என் மைத்துனர், ஜெனரேட்டருக்கு டீசல் தேடி ஊற்றிக் கம்ப்யூட்டரைப் போட்டால், லைசென்ஸ் சரிபார்க்க இணையம் வேண்டும் என்று மென்பொருள் நின்றுவிட்டது. டவர்களே சாய்ந்து கிடந்த ஊரில் இணையத்துக்கு எங்கே போவது? 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரில் கோளாறு வந்தபோதும் இதுதான் நடந்தது, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைக்கூடப் போலி என்று சொன்னது. 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் செய்தது இன்னும் மோசம். பாட்டு சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டாலே நகல் தடுக்கும் மென்பொருள் உள்ளே ஒளிந்து உட்கார்ந்துகொண்டது, அந்த மறைவிடத்தை வைரஸ்களும் பயன்படுத்தின, கடைசியில் சிடிக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? முறையாக வாங்கிய மென்பொருள் தொலைந்துபோனால் உதவ ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சரி, சிடியை நகல் எடுக்கலாம், டாங்கிளை எப்படி எடுப்பது? 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. கடையை மூடும் கம்பெனி பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். முடியாத காரியம் இல்லை. ஃபோட்டோஷாப் செய்யும் அடோபி கம்பெனி, தன் பழைய சிஎஸ்2 மென்பொருளுக்கான ஆக்டிவேஷன் சர்வரை (லைசென்ஸை இணையம் வழியே சரிபார்த்துத் திறந்துவிடும் சர்வர்) நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையும் அதற்கான சீரியல் எண்ணையும் 2013-இல் தன் தளத்திலேயே வைத்தது.

[காட்சி: பழைய கும்பாபிஷேக மலர், பக்கத்தில் தட்டச்சு செய்யும் கை]

அச்சுப் பிரதி கிடைத்த மலர்களை நானும் என் மகளும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. உங்கள் கடையிலும் இப்படி ஒரு டாங்கிள் உயிரோடு இருந்தால், இன்று ராத்திரியே பழைய கோப்புகளைத் திறந்து, எழுத்துருவையும் உள்ளே சேர்த்துப் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். அப்புறம் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றி, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து படித்துப் பாருங்கள்.