அளவு தப்பாச்சுன்னா யாரு பொறுப்பு? வீடு கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க!

கிச்சன் கேபினட் வந்து இறங்கிடுச்சு, நாலு பேரு தூக்கிட்டு உள்ள போறாங்க, சுவத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல வைக்கப் பாக்குறாங்க, போகல. 5 சென்டிமீட்டர் இடிக்குது. கேபினட் செஞ்சவரு டிராயிங்ல 3 மீட்டர்னு இருந்துச்சு, அதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்றாரு, மேஸ்திரி நானும் 3 மீட்டருக்குத்தான் சுவர் எழுப்புனேன்னு சொல்றாரு, ஆர்கிடெக்ட் டிராயிங்ல தப்பே இல்லன்னு சொல்றாரு. இதுல என்ன விஷயம்னா, மூணு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க!

எப்படின்னு கேக்குறீங்களா, அந்த 3 மீட்டர் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல உள்ள அளவு. அதுக்கு மேல பூச்சு ஒரு 12 மில்லிமீட்டர், டைலும் ஒட்டுற பேஸ்டும் சேந்து ஒரு 13, ஆக ஒரு சுவத்துக்கு 25 போச்சா, எதிர் சுவத்துலயும் 25. மொத்தம் 50 மில்லிமீட்டர், அதான் அந்த 5 சென்டிமீட்டர். யாருமே தப்பா அளக்கல, எதுலேருந்து எது வரைக்கும்னு யாரும் கேக்கல, அவ்ளோதான்.

சரி, அப்ப யாரு பொறுப்பு? இத சீக்கிரமா சொல்லிடுறேன். மனையோட எல்லை சர்வேயர் வேலை. டிராயிங்ல உள்ள அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும், ரூம் அளவையும் சுவர் கனத்தையும் கூட்டுனா மொத்த நீளம் வரணும், அது வரைஞ்சவங்க பொறுப்பு. அத தரையில குறிக்கிறது, கட்டுறது, கட்டும்போது சரிபாக்குறது காண்ட்ராக்டர் பொறுப்பு. உங்க டிராயிங்க எடுத்து ஓரத்துல பொடி எழுத்துல இருக்கிற குறிப்ப படிச்சு பாருங்க, வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லா அளவையும் சைட்ல சரிபாக்கணும், வித்தியாசம் இருந்தா உடனே சொல்லணும், டிராயிங் மேல ஸ்கேல் வெச்சு அளக்கக் கூடாதுன்னு பெரும்பாலும் போட்டிருக்கும். அந்த ரெண்டு வரி சும்மா அலங்காரத்துக்கு இல்லங்க, சண்டை வந்தா மொதல்ல எடுத்துப் பாக்குறது அதத்தான். ஜன்னல், கதவு, கேபினட் செய்றவங்க நேர்ல வந்து அளந்துட்டுப் போனா அந்த அளவு அவங்க பொறுப்பு. ஆனா நீங்களே டேப் புடிச்சு அளந்து மெசேஜ்ல அனுப்புனீங்கன்னா அது உங்க பொறுப்பாயிடும். தயவு செஞ்சு இத பண்ணாதீங்க, அளவெடுக்க அவங்களையே வரச் சொல்லுங்க, பூச்சு முடிஞ்சப்புறம் வரச் சொல்லுங்க.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச கதைக்கு வரேன்.

ரைன் ஆத்தோட ஒரு கரையில ஜெர்மனி, மறு கரையில சுவிட்சர்லாந்து, ரெண்டு கரையிலயும் இருக்கிற ஊருக்கு ஒரே பேரு, லாஃபன்பர்க். 2003-ல நடுவுல பாலம் கட்டிட்டு இருந்தாங்க. உயரம்னா கடல் மட்டத்துலேருந்து எவ்ளோன்னுதான சொல்லுவோம், ஆனா எந்தக் கடல்? ஜெர்மனி வடகடல வெச்சு கணக்குப் போடுது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடல வெச்சு போடுது. ரெண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். இது இன்ஜினியருங்களுக்குத் தெரியாம இல்ல, நல்லாவே தெரியும், கணக்குலயும் சேத்தாங்க. ஆனா கூட்ட வேண்டிய பக்கம் கழிச்சுட்டாங்க! 27 சரியாகி பூஜ்ஜியம் ஆகறதுக்கு பதிலா 27-உம் 27-உம் சேந்து 54 சென்டிமீட்டர் ஆயிடுச்சு. வேலை நடக்கும்போதே கண்டுபுடிச்சு ஜெர்மனி பக்கத்து தாங்குமேடைய இறக்கி சரி பண்ணாங்க, 2004-ல பாலம் திறந்தாச்சு.

யோசிச்சு பாருங்க, ரெண்டு நாட்டு இன்ஜினியருங்க, வித்தியாசம் எவ்ளோன்னு தெரியும், அப்படியும் வந்துச்சு. ஏன்னா கணக்கு போட்டவங்க இருந்தாங்க, இன்னொரு கண்ணு அத சரியா பாக்கல. நான் இந்தக் கதைய இவ்ளோ நேரம் சொல்றதுக்குக் காரணமே அதுதான். அளந்தவரே திருப்பி அளந்தா அதே தப்புதான் திருப்பி வரும், மூளை அதே எண்ணத்தான் தேடும். ஒருத்தர் அளக்கணும், வேற ஒருத்தர், முடிஞ்சா வேற டேப்ல, மொதல் எண்ண பாக்காம அளக்கணும்.

உங்க வீட்டுக்கும் ஒரு கடல் மட்டம் வேணும்ங்க. டைல் போட்டு முடிஞ்சப்புறம் தரை எங்க வரும்னு மொதல்லயே முடிவு பண்ணி, அதுலேருந்து சரியா 1 மீட்டர் உயரத்துல எல்லா சுவத்துலயும் ஒரு கோடு போட சொல்லுங்க. நிலை, ஜன்னல் அடிமட்டம், சுவிட்ச் பாக்ஸ், எல்லாமே அந்தக் கோட்டுலேருந்துதான் அளக்கணும். டியூப் லெவல், அதாவது தண்ணி நிரப்புன டியூப் வெச்சு போடுறாங்கன்னா டியூபுக்குள்ள காத்துக் குமிழி இருக்கான்னு பாருங்க, குமிழி இருந்தா லெவல் தப்பாத்தான் காட்டும்.

அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடி நீங்க சைட்ல இருந்தே ஆகணும்னா அது நூல் புடிக்கிற, அதாவது கயிறு கட்டி சுவர் வர்ற இடத்த தரையில குறிக்கிற அன்னைக்குதான். மூலையிலேருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் குறிச்சா குறுக்க சரியா 5 மீட்டர் வரணும், வந்தா மூலை சரியா 90 டிகிரில இருக்கு. அப்புறம் எதிரெதிர் பக்கம் சமமா இருக்கிற ரூமுக்கு ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். 10 மீட்டருக்கு 8 மீட்டர்னா ரெண்டுமே 12.806 வரணும், ஒண்ணு கூடி ஒண்ணு கொறைஞ்சா கோணல். இன்னொண்ணு, ரூம் ரூமா அளந்து கூட்டிட்டே போகாதீங்க, ஒவ்வொரு தடவையும் 3 மில்லிமீட்டர் ஒரே பக்கம் தள்ளுனா எட்டாவது சுவத்துல 24 ஆயிடும், ஒரே இடத்துலேருந்து டேப்ப இழுத்து எல்லாத்தையும் வரிசையா குறிக்கணும்.

டேப்னதும் ஞாபகம் வருது, நுனியில இருக்கிற கொக்கி லேசா ஆடும் பாத்திருக்கீங்களா? டேப் பழுதாயிடுச்சுன்னு சுத்தியால தட்டி இறுக்குறவங்க இருக்காங்க, செய்யாதீங்க! அது ஆடத்தான் வேணும். கொக்கி மாட்டி இழுக்கும்போது அது வெளிய வரும், சுவத்துல முட்டி அளக்கும்போது உள்ள போகும், ஆடுற தூரம் அந்தக் கொக்கித் தகடோட தடிமன்தான், அதனாலதான் ரெண்டு விதமா அளந்தாலும் சரியா வருது. என்ன ஒரு அழகான யோசனை!

கடைசியா, ஒப்பந்தத்துல கையெழுத்து போடும்போது ஒரு தாள் கூட வைங்க. எந்த அளவு, எதுலேருந்து எது வரை, யாரு அளக்குறாங்க, யாரு திருப்பிப் பாக்குறாங்க, எந்தத் தேதி, அவ்ளோதான். நூல் புடிச்சதும் ஒரு கையெழுத்து, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டலுக்கு முன்னாடி ஒண்ணு, கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, பூச்சு முடிஞ்சதும் ஒண்ணு. கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடின்னா தப்பு தெரிஞ்சா கான்கிரீட்டுக்கு அடிச்ச பலகைய நகத்தலாம், ஊத்துனப்புறம் உடைக்கத்தான் வேணும். வேலை வேகத்துல இதுக்கெல்லாம் நேரமில்லன்னு யாராவது சொன்னா விட்டுக்கொடுக்காதீங்க, ரெண்டு மூலைவிட்டம் அளக்க பத்து நிமிஷம் போதும். உங்க வீடு இப்ப எந்தக் கட்டத்துல இருக்கு, கடைசியா யாரு அளந்தாங்க, கமெண்ட்ல எழுதுங்க, நான் படிக்கிறேன்.