நிலத்தடியில் ஒரு சேம அச்சு

தருமபுரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நம் மாவட்டங்களுக்குக் கடல் இல்லை. ஆகவே உப்பு என்பது என்றைக்கும் கீழ்நாட்டிலிருந்து மேடேறி நம்மிடம் வந்து சேர்ந்த பொருள்தான். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில், என் பாட்டி உப்பைப் படியால் அளந்து வாங்கி, அடுப்படி ஓரத்தில் இருந்த மண்சாடியில் கொட்டி, மேலே தேங்காய்த் தொட்டியால் மூடி வைப்பார். விளக்கு வைத்த பிறகு யார் வந்து கேட்டாலும் அந்தச் சாடியிலிருந்து ஒரு பிடி உப்பு வெளியே போகாது. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 102ஆம் பாட்டாக இருக்கிறது. நுகத்துக்குப் பழகாத இளைய எருதுகள், வண்டியிலோ பெரும்பாரம், வழி பள்ளத்தில் இறங்குமா, மேட்டில் ஏறுமா என்பதை யார் அறிவார்? அதனால் உப்பு வணிகரான உமணர்கள் தம் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று ஔவை அவனைப் புகழ்கிறார். பள்ளியில் புவியியல் நடத்திய நான், தமிழாசிரியர் வராத நாள்களில் இந்தப் பாட்டையும் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த உவமையின் கனத்தை நான் உணர்ந்தது போலந்து நாட்டில், நிலத்துக்குக் கீழே நூறு மீட்டர் ஆழத்தில்.

என் மகள் அந்நாட்டின் கிராக்கோவ் நகரில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு நாள் பயணமாக வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு என்னை அழைத்துச் சென்றாள். நகரிலிருந்து அது அரை மணி நேரத் தொலைவுதான். வழிகாட்டி இல்லாமல் யாரும் அதற்குள் இறங்க முடியாது. எங்கள் குழுவை அழைத்துச் சென்ற அம்மையார் முதலில் சொன்ன சொல், "ஒருவரை ஒருவர் பிரியாமல் வாருங்கள்" என்பது. அது வெறும் சம்பிரதாயப் பேச்சு அன்று. அந்தச் சுரங்கத்தின் வழிகளை எல்லாம் சேர்த்து அளந்தால் 240 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒன்பது அடுக்குகளாக 327 மீட்டர் ஆழம் வரை அவை போகின்றன. நம்மைப் போன்றவர்கள் நடந்து பார்ப்பது அதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

முதலில் மரப்படிகள். ஏறத்தாழ 380 படிகள், சதுரமான ஒரு கூண்டுக்குள் திரும்பித் திரும்பி இறங்குகின்றன. மூட்டுவலிக்காரனாகிய நான் கைப்பிடியை விடாமல் இறங்கி, 64 மீட்டர் ஆழத்தில் இருந்த முதல் அடுக்கில் கால் வைத்தபோது, எதிரே இருந்த சுவரைப் பார்த்து ஏமாந்து போனேன். வெள்ளை வெளேர் என்று பளபளக்கும் என்று எண்ணி வந்தவனுக்கு, நம் ஊர்க் கல்குவாரியில் அறுத்து அடுக்கிய சாம்பல் நிறக் கல்லைப் போன்ற ஒரு சுவர்தான் தெரிந்தது. "நக்கிப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. எல்லாரும் தயங்கினார்கள். நான் விரலை எச்சிலில் நனைத்துச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்தேன். சுள்ளென்ற உப்பு. நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, ஏறக்குறைய அதே கரிப்பு. மாத்தூர், பர்கூர்ப் பக்கத்துப் பாறைகளுக்கு நடுவில் வாழ்ந்து பழகிய எனக்கு, கல்லாகத் தெரிவது அத்தனையும் உப்பு என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த உப்பு எப்படி அங்கே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஆழமில்லாத கடல் ஒன்று இருந்தது. அதன் நீர் வற்ற வற்ற உப்பு அடியில் படிந்தது. தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் சில வாரங்களில் நடப்பது அங்கே நெடுங்காலம் நடந்தது என்று கொள்ளலாம். பிறகு தெற்கே கார்பாத்திய மலைகள் எழும்பி வடக்கு நோக்கி நெருக்கியபோது, அந்தப் படிவுகள் பாயைச் சுருட்டியது போல மடிந்தும் முறிந்தும் களிமண்ணுக்குள் சிக்கிக்கொண்டன. ஆகையால் அங்கே உப்பு ஒரே சீரான பாளமாக இல்லை. மேலடுக்குகளில் வீடு அளவும் அதற்கு மேலும் பெரிய தனித்தனிக் கட்டிகள் களிமண்ணில் புதைந்து கிடந்தன. அவற்றைத் தேடிக் குடைந்த மனிதர்கள் விட்டுச் சென்ற வெற்றிடங்கள்தாம் இன்று நாம் நடந்து பார்க்கும் கூடங்கள்.

அந்த ஊரில் உப்பு ஊற்றுகளின் நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழில் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஊற்றுகள் வற்றத் தொடங்கியதும் கிணறு வெட்டினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நமக்குத் தெரியும். அங்கே 13ஆம் நூற்றாண்டில் கிணறு வெட்டப் புறப்பட்டது பாறை உப்பு. இதற்கு அவர்கள் ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். ஹங்கேரி நாட்டு இளவரசி கிங்கா, போலந்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போது, தன் தந்தை சீராகத் தந்த உப்புச் சுரங்கத்தில் தன் மோதிரத்தை எறிந்தாளாம். போலந்துக்கு வந்து ஓரிடத்தில் தோண்டச் சொன்னபோது, முதலில் வெட்டி எடுத்த உப்புக் கட்டிக்குள் அதே மோதிரம் இருந்ததாம். பிறந்த வீட்டுச் சீதனம் மண்ணுக்குள்ளேயே நடந்து புகுந்த வீட்டுக்கு வந்த இந்தக் கதையை நம் பாட்டிமார் கேட்டிருந்தால் உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

கதை ஒருபுறம் இருக்க, உப்பு அந்நாட்டு அரசர்களுக்குப் பொன்னாகவே இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் கருவூல வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்து வந்தது; 1368இல் மூன்றாம் காசிமிர் மன்னர் சுரங்க வேலைக்கும் உப்பு விற்பனைக்கும் தனிச் சட்டமே எழுதி வைத்தார். உப்பைக் கைக்குள் வைத்திருப்பவன் ஒவ்வொரு வீட்டின் அடுப்பிலும் கை வைத்தவன் ஆகிறான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்களோடு நடந்து போய் உப்பு அள்ளியது அதனால்தானே.

இனி, அங்கே வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டிய உப்பை உருளையாகச் செதுக்கி உருட்டிக்கொண்டு போனார்கள். ஆழமான குழியிலிருந்து மேலே தூக்க, நம் செக்கு மாடு சுற்றுவதைப் போலக் குதிரைகள் சுற்றி வந்து இழுக்கும் பெரிய மர உருளைகளை நிலத்துக்குள்ளேயே அமைத்தார்கள். அந்த உருளை ஒன்றை இன்றும் காணலாம். குதிரைகளுக்குக் கொட்டிலும் அங்கேயே. கீழே இறங்கிய குதிரைகள் பல ஆண்டுகள் வெயிலைப் பார்க்காமல் உழைத்தன. பாஷ்கா என்ற கடைசிக் குதிரையை 2002ஆம் ஆண்டுதான் மேலே கொண்டுவந்தார்கள். ஒரு மூலையில், ஈரக் கந்தலைப் போர்த்திக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் தீப்பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாகத் தவழும் மனித உருவங்களை வைத்திருக்கிறார்கள். கூரையில் சேரும் மீத்தேன் வாயு பெருகி வெடித்துவிடாமல், சிறிது சிறிதாக இருக்கும்போதே அதை எரித்துத் தீர்ப்பது அவர்கள் வேலை. மற்றவர்கள் உள்ளே வருவதற்கு முன்பு அவர்கள் போக வேண்டும். அந்த இடத்தில் எங்கள் குழுவில் பேச்சு நின்றது.

101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்கா தேவாலயம் இருக்கிறது. படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். பெரிய உப்புக் கட்டி ஒன்றை வெட்டி எடுத்த பிறகு எஞ்சிய வெற்றிடத்தில், 1896 முதல் 1963 வரை, யோசெப் மார்கோவ்ஸ்கி, அவருடைய தம்பி தோமாஷ், பின்பு அந்தோனி விரோதெக் என்ற மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவருக்குப் பின் ஒருவராகச் செதுக்கியது அது. பீடம் உப்பு, சிலைகள் உப்பு, தொங்கும் சரவிளக்குகளில் உள்ள மணிகள்கூடத் தெளிந்த உப்புப் படிகம். தரையில் கல் பதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து தொட்டேன். அதுவும் உப்பு, பதித்த கல்லைப் போலத் தெரியும்படி கோடு இழைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

எல்லாரும் அந்தத் தேவாலயத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். பார்க்கத் தக்கதுதான். ஆனால் என் மனத்தை விட்டு அகலாதது அது அன்று. மிகாவோவித்சே கூடம் என்று ஓர் இடம், ஏறத்தாழ 35 மீட்டர் உயரம். தென்னை மரங்கள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் கூரையைத் தொடுமோ தொடாதோ. நூறு ஆண்டுக்கு மேல் அதில் உப்பு வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து கூரை வரை மரத்தால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீளமும் குறுக்குமாக அடுக்கிய முழுமுழு மரத் தண்டுகள், விறகு அட்டி போல எழும்பி, அதற்கு மேல் சாய்கால்கள், அதற்கு மேல் மீண்டும் அட்டி. விளக்கு வெளிச்சம் மங்கலாக இருந்த காலத்தில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று மரத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருந்ததால், இருட்டுக்குள் அவை எலும்புக்கூடு போல நின்றன.

ஒரு தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மரத்தின் சூடு இல்லை. கல்லின் குளிர்ச்சியும் இல்லை. உப்பு ஊறி ஊறி நாரெல்லாம் இறுகியிருந்தது. கரையானும் பூஞ்சையும் அண்டாததால் மரம் அங்கே எளிதில் உளுத்துப் போவதில்லை. வெட்டு வாயில் பஞ்சு போல வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. காலிஃபிளவர் என்றே அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கையை எடுத்து நக்கிப் பார்த்தேன், அதுவும் கரித்தது. உமணர் வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சு எனக்கு அப்போதுதான் கண்முன் வந்தது. மேலே ஊர் இருக்கிறது; தெரு, பள்ளிக்கூடம், ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. எந்தப் பள்ளம் எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே, உப்பை வெட்டி விற்ற பிறகும், அந்த வெற்றிடத்துக்கு மரம் சுமந்து வந்து அடுக்கியிருக்கிறார்கள்.

கூரை சரிவது ஓர் ஆபத்து என்றால், நீர் இன்னொன்று. உப்புக்குத் தண்ணீரைப் போல எமன் வேறில்லை. 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக உலகப் பாரம்பரியச் சின்னங்களை அறிவித்தபோதே, அந்தப் பன்னிரண்டு இடங்களுள் ஒன்றாக இந்தச் சுரங்கம் இருந்தது. அதே சுரங்கம் 1989இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போயிற்று. உள்ளே புகுந்த காற்றின் ஈரப்பதத்தால் சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கத் தொடங்கியிருந்தன. ஈரத்தை உறிஞ்சும் கருவிகள் வைத்து, காற்றோட்டத்தைச் சீர்செய்த பிறகே, 1998இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. இதற்கிடையில் 1992இல் ஒரு வழியில் நீர் பீறிட்டு உள்ளே பாய்ந்து, மேலே நிலம் தாழ்ந்து, ரயில் தண்டவாளம் வளைந்த விபத்தும் நடந்தது. வணிகத்துக்காக உப்பு வெட்டுவதை 1996இல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் சுரங்கத் தொழிலாளர்கள் இன்றைக்கும் நாள்தோறும் உள்ளே இறங்குகிறார்கள். கசிகிற உப்புநீரை மேலே ஏற்றிக் காய்ச்சுகிறார்கள். பயனில்லாத குழிகளை நிரப்புகிறார்கள். பழைய முட்டுகளை மாற்றுகிறார்கள். எடுப்பதற்கு ஆள் வைத்தவர்கள், எடுத்து முடித்த பிறகு காப்பதற்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். நம் பகுதியில் கல் எடுத்து முடித்த குவாரிக் குழிகள் வேலிகூட இல்லாமல் மழைநீர் தேங்கிக் கிடப்பதை நினைத்துக்கொண்டு நான் அங்கே நின்றேன். ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் அப்படிப்பட்ட குழியில் தவறி விழுந்த செய்தியை வகுப்பறையில் நின்று கேட்டவன் நான். அந்த வருத்தத்தை மறைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச எனக்கு முடியவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, இரும்புக் கூண்டு போன்ற மின்தூக்கியில் நெருக்கி நிறுத்தி எங்களை மேலே ஏற்றினார்கள். உள்ளே விளக்கு இல்லை. ஒருவர் மூச்சு இன்னொருவர் தோளில் பட்டது. ஒரு நிமிடத்துக்குள் பகல் வெளிச்சம். போக விரும்பும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். கோடையிலும் உள்ளே 17, 18 டிகிரிதான் இருக்கும், ஆகவே ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

ஊர் திரும்பும்போது கைப்பிடி அளவு உப்புக்கல் ஒன்று வாங்கி வந்தேன். எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகள் குவாரியில் ஆப்பு வைத்துக் கல் பிளந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் முதலில் அதைத் திருப்பித் திருப்பி வெயிலில் பிடித்து ஓட்டம் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகுதான் நாக்கில் வைத்தார். நான் கூடங்களையும் முட்டுகளையும் பற்றிச் சொல்லச் சொல்ல, தேவாலயத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த மரத்தையெல்லாம் யாருங்க சார் உள்ள கொண்டுபோனது?" என்று மட்டும் கேட்டார்.

"உப்பு வெட்டினவங்களேதான்" என்றேன்.

"கூலி குடுத்தாங்களா அதுக்கு?"

"குடுத்தாங்க. இப்பவும் குடுக்கறாங்க. நாங்க வாங்கின நுழைவுச் சீட்டுப் பணத்துல அதுவும் சேர்த்தி."

அவர் கல்லைத் துண்டில் துடைத்து, இரண்டு கைகளாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அது இப்போது பாட்டியின் மண்சாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் மேல் ஈரம் அரும்புகிறது. என் மனைவி நாள்தோறும் அதைத் துணியால் ஒற்றி எடுத்து வைக்கிறார்.

நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.