மோதிரம் பொருந்தாத டாக்டர்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய இரண்டு அணியினரே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டுக் கும்பகோணம் வந்திருக்கும் பெரியவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இப்போதுதான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிபிசியில் 1963 நவம்பர் 23ஆம் தேதி தொடங்கிய தொடர் ‘டாக்டர் ஹூ’. டாக்டர் என்று மட்டுமே தன்னைச் சொல்லிக்கொள்ளும் வேற்றுக்கிரகத்துக்காரர் ஒருவர், வெளியிலிருந்து பார்த்தால் நீல நிறப் போலீஸ் பெட்டி, உள்ளே போனால் மாளிகை மாதிரி விரிகிற ஒரு கலத்தில் காலம் விட்டுக் காலம் சுற்றுகிறார். உயிர் போகும் நிலை வந்தால் உடம்பு மாறிவிடும். முகமும் குணமும் புதிது, ஆள் மட்டும் அதே ஆள். அப்படி 2025 வரை பதினைந்து டாக்டர்களின் வரிசை. அவர்களில் தலைசிறந்தவர் டாம் பேக்கரா, டேவிட் டென்னன்டா, பேட்ரிக் ட்ரௌட்டனா என்பதுதான் கேள்வி. நான் இரண்டாவது டாக்டராக நடித்த ட்ரௌட்டன் அணி.

மன்னார்குடி அண்ணன் டாம் பேக்கருக்காக அழகாகப் பேசினார். 1974 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள், வேறு யாரும் தொலைக்காட்சியில் அவ்வளவு காலம் டாக்டராக இருந்ததில்லை. அந்த நீளக் கழுத்துத்துணி பிறந்த கதையை அவர் சொன்னபோது நானும் கை தட்டினேன். பின்னுகிற அம்மாவிடம் தேவைக்கு மேல் கம்பளி நூலைக் கொடுத்துவிட, அவர் கொடுத்த அத்தனையையும் பின்னி முடித்துவிட்டார். உண்மையான சம்பவம்தான். திருவாரூர் தங்கச்சி டென்னன்டுக்காகப் பேசினார். சின்னப் பையனாக இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர், பிறகு அதே டாக்டராகவே நின்றார், 2023இல் மறுபடியும் கூப்பிட்டபோதும் வந்தார். எதையும் நான் மறுக்கவில்லை. நானும் விடுதியில் படித்த காலத்தில், சீனியர் அண்ணன் கொடுத்த பென் டிரைவில் டென்னன்டைப் பார்த்துத்தான் இந்தத் தொடருக்குள்ளேயே வந்தேன்.

என் கேள்வி வேறு. டாம் பேக்கர் வந்தபோது ஜனங்களுக்கு என்ன தெரியும்? டாக்டருக்கு முகம் மாறும் என்று தெரியும். டென்னன்ட் வந்தபோது ஊருக்கே தெரியும். யார் புது டாக்டர் என்று ஆவலோடு காத்திருந்தார்கள். 1966இல் அது யாருக்குமே தெரியாது. முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியவில்லை. தொடரை ஏறக்கட்ட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டும். தயாரிப்பாளர்கள் துணிந்தார்கள். வெள்ளை முடித் தாத்தா தரையில் விழுகிறார், முகம் மங்கி ஒளிர்கிறது, எழுந்திருப்பது கறுப்பு முடியோடு குள்ளமான இன்னொருவர். இந்த உடல் மாற்றத்துக்கு இன்று எல்லோரும் சொல்லும் ‘ரீஜெனரேஷன்’ என்ற பெயர்கூட அன்றைக்கு வைக்கப்படவில்லை, அது 1974இல்தான் வந்தது. மூன்று வருஷமாக ஒரு முகத்தைப் பார்த்துப் பழகிய குழந்தைகள் முன்னால் ஒரு மனிதர் நின்று ‘நான்தான் அவர்’ என்று நம்ப வைக்க வேண்டும். அந்த வேலை ட்ரௌட்டன் தலையில் விழுந்தது.

அவர் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். 1966 நவம்பர் 5, அவருடைய முதல் வாரம். கூட வருகிற பென்னும் பாலியும் இவரை நம்பவில்லை. பழைய டாக்டர் போட்டிருந்த மோதிரத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். இவர் விரலுக்கு அது பொருந்தவில்லை. வேறு நடிகராக இருந்தால் அந்த இடத்தில் ‘நான்தான் அவன்’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார். இவர் டாக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரைப் போலப் பேசுகிறார். கேள்வி கேட்டால் புல்லாங்குழல் மாதிரி இருக்கிற ஒரு குழலை எடுத்து ஊதுகிறார். நம்பு என்று ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. அப்புறம் டாலெக் வருகிறது. தொடரின் முதல் பெரிய எதிரி, தகரக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கொலைகார ஜந்து. அது தன் ஒற்றைக் கண்ணைத் திருப்பி இவரைப் பார்க்கிறது, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறது. கூடவே இருந்த சிநேகிதர்கள் சந்தேகப்பட்ட ஆளை எதிரி சந்தேகப்படவில்லை. அந்தப் பார்வைக்குப் பிறகு நமக்குமே சந்தேகம் வரவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறக்கிறார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று செய்தி வந்த பிறகும் கடைமடைக்காரன் எத்தனை நாள் மதகடியில் நின்று பார்க்கிறான்? காய்ந்து கிடக்கும் மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். நுரையும் சருகுமாக ஒரு முழம் நகரும், நிற்கும், இன்னொரு முழம் நகரும். வெண்ணாற்றங்கரையில் சின்ன வயசில் நான் அதன் கூடவே நடந்திருக்கிறேன். அது அவ்வளவு மெதுவாக வரும். அடுத்த வாரம் கரை தொட்டு ஓடும் தண்ணீரை எல்லோரும் படம் பிடிப்பார்கள். மணலை நனைத்த தண்ணீரை யாரும் படம் பிடிப்பதில்லை. ட்ரௌட்டன் மணலை நனைத்தவர். டாம் பேக்கரும் டென்னன்டும் நனைந்த ஆற்றில் ஓடியவர்கள். அவர்கள் ஓட்டம் அழகுதான், அதற்காக மணல் தானாக நனைந்தது என்று சொல்லிவிட முடியாது.

எதிரணியில் ஒரு வாதம் வைத்தார்கள். இரண்டாவது ஆளுக்குத் தயாரான வேஷம் கிடைத்தது, போட்டுக்கொண்டார், அவ்வளவுதானே என்று. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மெலட்டூர் இருக்கிறது. அங்கே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே பாத்திரங்களை ஆடுகிறார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள். ஒருவர் ஆடியதைப் பார்த்து வளர்ந்துதான் அடுத்தவர் ஆடுகிறார். நடையும் பாட்டும் பாவமும் கையில் இருக்கிறது. அங்கேயும் பிரகலாதனின் அம்மாவாகப் போன தலைமுறை லீலாவதியா இந்தத் தலைமுறை லீலாவதியா என்று பேச்சு வரத்தான் செய்யும். ட்ரௌட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பார்த்துப் பழக அவருக்கு இருந்தது ஒரே ஒரு டாக்டர். அவரை அப்படியே செய்து காட்டியிருந்தால் பத்திரமாகப் பிழைத்திருக்கலாம். ட்ரௌட்டன் அதைச் செய்யவில்லை. கடுகடுத்த தாத்தா இருந்த இடத்தில் தொளதொளக் கோட்டும் கட்டம் போட்ட கால்சட்டையுமாக, பயப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் எல்லாக் கணக்கையும் போட்டு முடிக்கும் ஒருவரைக் கொண்டு வந்தார். முந்தினவர் மாதிரி இருக்க வேண்டியதில்லை என்ற உரிமையைப் பின்னால் வந்த எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தது அந்த முடிவு.

இன்னொரு வாதம்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. ‘பார்க்கக் கிடைக்காத நடிகரை எப்படி மதிப்பிடுவது?’ என்று அண்ணன் கேட்டார். கிடைக்கவில்லைதான். அந்தக் காலத்தில் வீடியோ நாடாவின் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் பிபிசி அதை அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தது. ட்ரௌட்டன் நடித்த பாகங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இல்லாமல் போய்விட்டது. நான் சொன்ன மோதிரக் காட்சி வந்த கதையில் ஆறு பாகமும் போய்விட்டன. முழுசாக மிஞ்சியது ஒலி மட்டும். அன்றைக்கு வீட்டில் டிவி ஓடும்போது ரசிகர்கள் பதிந்து வைத்த ஒலி. அதை வைத்து 2016இல் அனிமேஷன் படமாக வரைந்து வெளியிட்டார்கள். படம் இல்லாமல் குரலை மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அந்த மனிதர் அறைக்குள் எங்கே நிற்கிறார் என்றுகூடத் தெரியும்.

நாகஸ்வரம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். ராத்திரி முழுக்க வீதியில் நின்று கேட்டவர்கள் கேட்டது வேறு. தட்டு சின்னது என்பதற்காக இந்த மண்ணில் யாராவது அவரைக் குறைத்துப் பேசியதுண்டா?

அதோடு, காணாமல் போனது அத்தனையும் போய்விடவில்லை. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது பாகங்கள் கண்டெடுக்கப்பட்டன. அதில் ஒரு கதை முழுசாகத் திரும்பியது. அதில் ட்ரௌட்டனுக்கு இரட்டை வேஷம், ஒன்று டாக்டர், இன்னொன்று உலகத்தை ஆளத் துடிக்கும் சலமாண்டர் என்ற வில்லன். இரட்டை வேஷத்தை நம்மைவிட அதிகம் பார்த்த ஜனங்கள் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? நாம் மச்சத்தை வைத்தும் மீசையை வைத்தும் ஆளைப் பிரித்துப் பழகியவர்கள். இவரிடம் உட்காரும் தினுசே வேறு, தோள் வேறு, பார்வை வேறு. டாக்டர் அந்த வில்லனைப் போல நடிக்க வேண்டிய இடம் ஒன்று வரும். அங்கே ட்ரௌட்டன் சலமாண்டராக நடிக்கவில்லை, சலமாண்டரைப் போல நடிக்கும் டாக்டராக நடிக்கிறார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

பின்னால் வந்தவர்கள் அவருக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். ஐந்தாவது டாக்டர் பீட்டர் டேவிசனுக்கு அவர் சொன்ன புத்திமதி, மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காதே என்பது. ட்ரௌட்டன் இருந்ததும் மூன்று வருஷம்தான். டேவிசன் கேட்டார், அப்படியே கிளம்பினார். பதினோராவது டாக்டர் மேட் ஸ்மித், ட்ரௌட்டனின் சைபர்மேன் என்ற இயந்திர மனிதர்களின் கல்லறைக் கதையைப் பார்த்து மயங்கிப் போனவர். அந்தக் கழுத்து வில் டையை எங்கிருந்து எடுத்தார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கல்லறைக் கதை 1967இல் வந்தது. அதுவும் தொலைந்துபோய், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தது. அதில் ஒரு காட்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். விக்டோரியா என்ற பெண், அப்பாவை டாலெக்குகளிடம் பறிகொடுத்து அதிக நாள் ஆகவில்லை. எல்லோரும் தூங்குகிறார்கள், இவள் விழித்திருக்கிறாள். டாக்டர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். உங்கள் குடும்பம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவள் கேட்கிறாள். இருக்கிறது என்கிறார். வேண்டும் என்று நினைத்தால் கண்முன் கொண்டுவர முடியும், மற்ற நேரத்தில் அவர்கள் என் மனசுக்குள் தூங்குகிறார்கள், நான் மறந்திருக்கிறேன் என்கிறார். உனக்கும் அப்படி ஆகும் என்கிறார். கண்ணீர் கிடையாது. குரலை ஒரு படிகூட ஏற்றவில்லை.

என் அப்பா தவறி மூன்று மாசம் ஆகியிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அப்பாவை மறக்காதே, மறக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ நடுவில் ஒரு மணி நேரம் அவர் நினைப்பில்லாமல் போய்விட்டால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். மறந்திருக்கலாம், தப்பில்லை, அவர் தூங்குகிறார் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். லேப்டாப்பை மூடிவிட்டு அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மணி அடித்துவிட்டது. டென்னன்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும் தங்கச்சி, இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் நடுவர் அவர்களே, தீர்ப்பு ட்ரௌட்டனுக்குத்தான் வர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.