காற்றிடைவெளியில் தங்கும் சக்தி: 12 வாற்று பிளைபேக் வலு வழங்கியை வடிவமைத்தல்

(காட்சி: மேசைமீது திறந்து வைக்கப்பட்ட அடப்டர். சுற்றுப்பலகையின் குறுக்கே கரிந்த ஒரு கோடு.)

வணக்கம். நீங்கள் பார்ப்பது, திருகோணமலையின் உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் ஈராண்டுகள் இயங்கிப் பின்பு நின்றுபோன 12 வோல்ற்று அடப்டர். உப்பும் ஈரமும் படிந்த பலகையின் மேற்பரப்பில் மின் ஊர்ந்து சென்ற தடம்தான் இந்தக் கரிக்கோடு. இதே வேலையைச் செய்யும் பிளைபேக் வகை (சக்தியைச் சேமித்துப் பின் விடுக்கும்) வலு வழங்கி ஒன்றை அங்குள்ள கடற்காற்றைத் தாங்கும்படி கணக்கிட்டு அமைப்பதே இன்றைய பாடம்.

(காட்சி: பெரைற் என்னும் காந்தப்பொருளாலான அகணியின், அதாவது சுருள்கள் சுற்றப்படும் உள்ளகத்தின், இரு பாதிகள்.)

அடப்டருக்குள் இருக்கும் இந்த அகணியையும் சுருள்களையும் சேர்த்து நிலைமாற்றி என்று அழைப்பது வழக்கம். ஆனால் சாதாரண நிலைமாற்றியில் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் ஒரே நேரத்தில் ஓட்டத்தைக் கடத்த, பிளைபேக் சுற்றிலோ அவை மாறிமாறித்தான் கடத்துகின்றன. மொஸ்பெற் என்னும் திரான்சிஸ்டர் ஆளி மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் ஓட்டம் நேர்கோட்டில் ஏறுகிறது. துணைச் சுருள் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருப்பதால் அதன் இருவாயி (ஒரு திசையில் மட்டும் கடத்தும் டயோட்) அப்போது கடத்தாது. ஆளி திறந்ததும் சுருள்களின் முனைவு தலைகீழாகி, சேமித்த சக்தி வெளியீட்டுக்குப் பாய்கிறது. ஆகவே இது சக்தியைச் சேமித்துக் கொடுக்கும் தூண்டி. அந்தச் சக்தியின் பெரும்பகுதி பெரைற்றில் அன்று, அகணியின் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய காற்றிடைவெளியில் தங்குகிறது. இதை மறந்து இடைவெளியின்றி அகணியை ஒட்டியவர்கள், ஆளி வெடித்த பின்புதான் காரணத்தைத் தேடுவார்கள்.

(காட்சி: வெண்பலகையில் கணக்கு.)

நமக்குத் தேவை 12 வோல்ற்று, 1 அம்பியர். வினைத்திறனை 80 சதவீதமாகக் கொண்டால் உள்ளீட்டு வலு 15 வாற்று. ஆளியின் மீடிறன் 100 கிலோஹேர்ட்ஸ் என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் 150 மைக்ரோயூல் சக்தியை இடைவெளி ஏந்த வேண்டும்.

நமது மின்வழங்கல் 230 வோல்ற்று; மாலையில் அது தாழும் இடங்களை மனத்திற்கொண்டு 190 வோல்ற்றைக் கீழ் எல்லையாக வைக்கிறேன். அதன் உச்சம் ஏறத்தாழ 269 வோல்ற்று. உள்ளீட்டில் 22 மைக்ரோபரட், 400 வோல்ற்றுக் கொள்ளளவி இருந்தால், அது முதுமையில் சற்று வலுவிழந்தாலும், அலைவின் அடிமட்டம் 220 வோல்ற்றுக்குக் கீழே இறங்காது. அந்த 220 வோல்ற்றில் ஆளி 3 மைக்ரோசெக்கன் மூடியிருக்கட்டும். அப்போது முதன்மைச் சுருளின் தூண்டுதிறன் 1.45 மில்லிஹென்றி, உச்ச ஓட்டம் 0.45 அம்பியர். தூண்டுதிறனின் பாதியை ஓட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள்: அதே 150 மைக்ரோயூல் கிடைக்கும்.

துணைப் பக்கத்திலிருந்து முதன்மைப் பக்கத்துக்குத் தெறிக்கும் வோல்ற்றளவை 100 ஆக எடுத்தால், சக்தி முழுதும் வெளியேற 6.6 மைக்ரோசெக்கன் போதும். இரண்டும் சேர்ந்து 9.6, அதாவது 10 மைக்ரோசெக்கன் சுழற்சிக்குள் அடங்கிவிடுகிறது. இருவாயியின் இழப்பைச் சேர்த்து 12.5 வோல்ற்றால் வகுத்தால் சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம் எட்டுக்கு ஒன்று. குறுக்கு வெட்டு 33 சதுர மில்லிமீற்றர் கொண்ட சிறிய அகணியில் காந்தப் பாய அடர்த்தியை 0.25 தெஸ்லாவுக்குள் வைத்திருக்க, முதன்மைச் சுருளுக்கு 80 சுற்றுகளும் துணைச் சுருளுக்கு 10 சுற்றுகளும் வரும். தேவையான இடைவெளி 0.18 மில்லிமீற்றர்.

(காட்சி: அகணியின் பாதிகளுக்கிடையே காகிதத் துண்டு ஒன்றை வைக்கும் கை, மிக அண்மையில்.)

சாதாரண ஏ4 காகிதத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். நடுக்காலுக்கும் ஓரக் கால்களுக்கும் அதை வைத்தால் காந்தப் பாதை இரு இடைவெளிகளைக் கடக்கிறது, மொத்தம் 0.2 ஆகிறது. பரிசோதனைக்கு இதுவே போதும். நிலையான பயன்பாட்டுக்கு, ஈரத்தை உறிஞ்சாத பொலியெஸ்ரர் தாளை வையுங்கள். இங்குள்ள காற்றில் காகிதம் நெடுநாள் தாங்காது.

முதன்மைச் சுருளை 40, 40 எனப் பிரித்து, இடையில் துணைச் சுருளைச் சுற்றினால், இரு சுருள்களையும் இணைக்காத காந்தப் பாயத்தால் வரும் கசிவுத் தூண்டுதிறன் குறையும். எஞ்சிய கசிவு, ஆளி திறக்கும் கணத்தில் கூரிய உச்சமாக எழும். மின்வழங்கல் 265 வோல்ற்றுக்கு ஏறும் நாளில் நேரோட்ட வோல்ற்றளவு 375. அதோடு தெறிப்பு 100, கசிவின் உச்சம் இன்னொரு 100 சேர்ந்தால் 575 வோல்ற்று. எனவே 700 வோல்ற்று தாங்கும் ஆளியையே தெரிவு செய்யுங்கள். தடையி, கொள்ளளவி, இருவாயி சேர்ந்து அந்த உச்சத்தை அடக்கும் ஸ்னப்பரை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வெளியீட்டுக்கு 100 வோல்ற்று தாங்கும், இழப்புக் குறைந்த சொட்கி இருவாயி பொருந்தும். அதன் உச்ச ஓட்டம் 3.6 அம்பியர். வெளியீட்டை ரிஎல் 431 என்னும் ஒப்பீட்டு வோல்ற்றளவுச் சில்லு அளந்து, ஒளியால் சமிக்ஞை கடத்தும் ஒளியிணைப்பி வழியாக, ஆளியை இயக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்குத் தெரிவிக்கும்.

இனி, அந்தக் கரிக்கோட்டுக்குத் திரும்புவோம். முதன்மைப் பக்கத்துக்கும் துணைப் பக்கத்துக்கும் இடையே மேற்பரப்புத் தூரம் 8 மில்லிமீற்றர் இருக்கட்டும். ஒளியிணைப்பியின் அடியில் பலகையை அறுத்துப் பிளவு விடுங்கள். துணைச் சுருளுக்கு மூவடுக்குக் காப்புக் கம்பியைப் பயன்படுத்துங்கள். பற்றவைத்த பின் பிசினை அற்ககோலால் கழுவி, நன்கு உலர்த்தி, காப்பு வார்னிஷ் பூசுங்கள். ஈரத்தோடு பூசினால் உப்பும் உள்ளேயே அடைபட்டுவிடும்.

(காட்சி: தொடரில் இணைக்கப்பட்ட 60 வாற்று இழைக் குமிழ்.)

முதன்முறை மின் கொடுக்கும்போது இந்தக் குமிழைத் தொடராக இணையுங்கள். அது ஒருகணம் ஒளிர்ந்து அணைந்தால் சுற்று சரி; தொடர்ந்து எரிந்தால் உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பின்பும் உள்ளீட்டுக் கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைத் தடையி ஒன்றின் வழியே வெறுமையாக்கி, மீற்றரில் பூச்சியம் கண்ட பின்பே பலகையைத் தொடுங்கள்.