நாலாயிரம் ரூபாய் கார்டு போட்டும் ஃப்ரேம் ஏறவில்லை

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஃபேனை அணைத்துவிட்டுப் பேசுகிறேன். போட்டால் மைக்கில் அந்த இரைச்சல் மட்டும்தான் விழும். பழைய வண்ணாரப்பேட்டை, இரண்டாவது மாடி, தலைக்கு மேலே சிமென்ட் ஷீட், மணி மாலை நாலு. எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று எனக்கே தெரியாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் கையில் இருப்பது ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு. ரிச்சி தெருவில் ஒரு கடையில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். சீட்டுப் பணத்தில் கை வைத்து வாங்கியது, அம்மாவுக்கு இன்னும் முழுக் கணக்கு தெரியாது. வீட்டுக்கு வந்து மாட்டி, டிரைவர் எல்லாம் போட்டு, வாலரன்ட் கேமைத் திறந்தால், முன்பு நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், வந்ததோ கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. சில இடங்களில் இரண்டு மூன்று குறைந்தும் போனது. பின்னால் நின்று பார்த்த என் தம்பி கேட்டான், "அக்கா, இதுக்கு அந்தக் காசுல ஒரு மாசம் பிரியாணி சாப்பிட்டிருக்கலாமே?"

ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கம்ப்யூட்டர் ரொம்பச் சாதாரணம். ரைசன் 3 3200ஜி, 2019-இல் வந்த ஏஎம்டி பிராசஸர் சிப். ஏ320 மதர்போர்டு. 8 ஜிபி ரேம், ஒரே ஸ்டிக். இந்தக் கார்டு வாங்கும் வரை தனி கார்டு எதுவும் கிடையாது, கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது, வேகா 8 என்று பெயர். அது மோசமான கிராபிக்ஸ் இல்லை. ஆனால் அதற்கென்று சொந்த மெமரி கிடையாது. நாம் போட்டிருக்கும் ரேமில்தான் அதுவும் பங்கு கேட்கும். எல்லாப் பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தண்ணி லாரி வரும் நாளை நினைத்துப் பாருங்கள். 9,000 லிட்டர் லாரி வந்து நிற்கிறது. தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு குழாயைத்தான் திறந்து விடுகிறார்கள் என்றால்? நாற்பது குடம் வரிசையில் நிற்கும், சண்டை நடக்கும், முதல் குடம் நிறைவதற்குள் கடைசிக் குடத்துக்காரர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். லாரியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, நிமிடத்துக்கு எவ்வளவு வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. ரேம் வாங்கும்போது நாம் எல்லாரும் முதல் கணக்கை மட்டும்தான் கேட்கிறோம். எத்தனை ஜிபி? அவ்வளவுதான்.

ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு குழாய். சிங்கிள் சேனல் என்பார்கள். என் ஸ்டிக் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் ஒரு சேனலில் நொடிக்கு 19.2 ஜிபிதான் போக முடியும். பிராசஸரும் கிராபிக்ஸும் அந்த ஒரு குழாயில்தான் குடம் பிடிக்க வேண்டும். எதிரி மூலை திரும்பி வருவான், படம் ஒரு கணம் நிற்கும், மறுபடி ஓடும்போது நான் செத்துக் கிடப்பேன். திறமை போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, திறமையும் போதவில்லைதான், அது தனி.

இப்போது இந்தக் கார்டுக்கு வருவோம். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது. 2017-இல் வந்ததில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் வந்த வகையில் சாதாரண டிடிஆர்4 மெமரி, நொடிக்கு 16.8 ஜிபி. பெட்டியில் 1030 என்பது பெரிய எழுத்தில் இருக்கும், மெமரி வகை சின்ன எழுத்தில் இருக்கும். நான் வாங்கியது டிடிஆர்4. எழுதித்தான் இருந்தது, கடைக்காரர் ஒன்றும் மறைக்கவில்லை. நான்தான் ஆசையில் பார்க்காமல் வந்துவிட்டேன். அதாவது 19.2 குழாயை விட்டுவிட்டு, காசு கொடுத்து 16.8 குழாய்க்குப் போயிருக்கிறேன். அந்தக் குழாய் கார்டுக்கு மட்டும் சொந்தம், பிராசஸர் பங்குக்கு வராது என்பதால்தான் இன்னும் மோசமாகப் போகவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் கொருக்குப்பேட்டையில் சர்வீஸ் பார்க்கும் ஒரு அண்ணன். ஒருநாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை, பீப் பீப் என்று கத்தியது. அவரைக் கூப்பிட்டேன். வந்து கேபினெட்டைத் திறந்தார். "பாப்பா, ரப்பர் இருக்கா? பென்சில் அழிப்போமே, அது." தம்பியின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பல்வரிசையை ரப்பரால் மெல்லத் தேய்த்தார். ரப்பரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. திருப்பி மாட்டினார், ஆன் ஆகிவிட்டது. கடல் காற்று இந்தப் பக்கம் எதையும் விடாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும். நீங்களே செய்வதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுச் செய்யுங்கள். போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காதீர்கள், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதற்கு இன்னொரு சர்வீஸ் ஆகும்.

போகும்போதுதான் அந்த அண்ணன் கேட்டார். "ஏன் பாப்பா, ஒரு ரேம்தான் போட்டிருக்கியா? பக்கத்து ஸ்லாட்டு காலியாத்தானே கிடக்குது. இத விட்டுட்டு எதுக்கு இந்தக் கார்டு?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2025 பின்பாதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்திருப்பீர்கள், புதிது வாங்க மனசு வரவில்லை. செகண்ட் ஹேண்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பயப்படுவேன், ரேம் வாங்க அவ்வளவு பயமில்லை. தேய்வதற்கு அதில் ஃபேன் கிடையாது, காய்வதற்குச் சூடு கடத்தும் பேஸ்ட் கிடையாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொல்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

மாட்டியதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஸ்டிக்கின் மேல் 3200 என்று ஒட்டியிருக்கும், ஆனால் பல நேரம் போர்டு அதைத் தானாக அந்த வேகத்தில் ஓட்டாது. என்னுடையதும் 3200 ஸ்டிக்தான், இத்தனை நாள் 2400-இல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆன் செய்யும்போது டெலீட் கீயைத் தட்டித் தட்டி, போர்டின் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி என்று இருப்பதை ஆன் செய்ய வேண்டும். சில போர்டில் ஏ-எக்ஸ்எம்பி என்றும், சிலதில் டிஓசிபி என்றும் இருக்கும். 3200ஜி சிப்புக்கு அதிகாரப்பூர்வமாகச் சொன்ன வேகம் 2933தான். எனக்கு 3200-இல் நன்றாகவே ஓடுகிறது. உங்களுக்கு நீலத் திரை வந்தால் 2933-க்கு இறக்கிவிடுங்கள், பெரிய நஷ்டமில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு சேனல், 3200 வேகம், நொடிக்கு 51.2 ஜிபி. இருந்தது 19.2. இரண்டரை மடங்குக்கும் மேலே. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய வேகா 8-லேயே விளையாடினேன். தம்பி ஒன்றும் பேசவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.

உங்களுடையது எப்படி ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் போதும். வேகமும், எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். நாலு ஸ்லாட் போர்டு என்றால் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டில் போடுங்கள். 1, 2 என்றோ 3, 4 என்றோ பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் விழும்.

லேப்டாப்காரர்களுக்கும் இது பொருந்தும். இன்டெல்லில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று சொல்லி விற்ற லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் இருந்தால், விண்டோஸில் போய்ப் பார்க்கும்போது வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டும். இன்னொரு ஸ்டிக்கைப் போட்டால் பெயரே மாறிவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே.

அடுத்தது சூடு. ஷீட் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடிய கேம் மாலையில் திணறுகிறது என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். லாரி போகிற ரோட்டோரம் வீடு என்றால், ஆறு மாதத்தில் கூலருக்குள் ஒரு போர்வையே நெய்திருக்கும். பெயின்ட் பிரஷ் போதும், ப்ளோயர் இருந்தால் நல்லது. ஆனால் காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதைச் சுற்ற விடக் கூடாது.

பேஸ்ட் மாற்றுகிறவர்கள் இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். என்னுடையது போன்ற ஏஎம்4 பிராசஸரில் ஊசி எல்லாம் சிப்பில்தான் இருக்கும். காய்ந்துபோன பேஸ்ட்டோடு கூலரை வெடுக்கென்று மேலே இழுத்தால், சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். பத்து நிமிடம் ஒரு கேம் ஓட்டி சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். நான் திருகாமல் இழுத்தேன். இரண்டு ஊசி வளைந்தது. தையல் ஊசியை வைத்து நிமிர்த்திய அந்த அரை மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

செட்டிங்ஸ் பற்றி ரொம்பப் பேச மாட்டேன். ஷேடோவை முதலில் குறையுங்கள், அதுதான் அதிகம் தின்னும். 1080 திரையில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20,73,600 புள்ளிகள் வரைய வேண்டும். 900-க்கு இறக்கினால் 14,40,000. 720 என்றால் 9,21,600, பாதிக்கும் கீழே. கேமில் எஃப்எஸ்ஆர் இருந்தால் போட்டுப் பாருங்கள், ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்தது, பழைய கார்டிலும் ஓடும். குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும். 720-இலிருந்து போனால் தூரத்தில் இருக்கும் ஆள் கொஞ்சம் குழைந்து தெரிவான், அதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம், கேம் பூஸ்டர் என்று வரும் மென்பொருளை எல்லாம் தூக்கிப் போடுங்கள். அதுவே பின்னால் ஓடி ரேம் தின்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா? வாங்குங்கள், ஆனால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியைப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், ஸ்டிக்கர் ஒட்டுவதற்குக் காசு ஆகாது. நம் பக்கத்தில் கோடைக்கால ராத்திரி வோல்டேஜ் வேறு ஏறி இறங்கும். அதை நம்பி 185 வாட் தின்னும் ஆர்எக்ஸ் 580 மாதிரி கார்டு போடாதீர்கள். போர்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை எடுக்கலாம், அதற்குள் அடங்கும் கார்டுதான் நமக்கு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அடங்கும், ஆனால் அது 2016 கார்டு, அதற்குப் புது கேம்களுக்கான டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650 தேவலாம், தனி பவர் வயர் கேட்காத மாடலா என்று பார்த்து எடுங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போர்டோடு பேச அதற்கு நாலு லேன், அதாவது நாலு பாதைதான், நம் பழைய போர்டில் அந்த நாலும் பாதி வேகம். வீடியோ ரெக்கார்ட் செய்ய என்கோடரும் அதில் இல்லை. என்னைப் போல வீடியோ போடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புதுக் கார்டு போட்டால் மானிட்டர் வயரைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் இல்லை. சிரிக்காதீர்கள். ஜிடி 1030 வாங்கிய முதல் நாள் முழுக்க நான் போர்டில் சொருகிவிட்டுத்தான் விளையாடினேன்.

இந்தக் கார்டை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். தெருமுனையில் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் வயர் சொருக இடமில்லாமல் இருந்தது, நாளைக்குக் கொண்டுபோய் மாட்டப் போகிறேன். ஒன்றில் ஆதார் பிரின்ட், ஒன்றில் பில். அந்த வேலைக்கு இது தாராளம். ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றிருக்கிறார், அது நேராகச் சீட்டுக்குப் போகிறது. மிச்சத்தை அம்மா இந்த வீடியோ பார்ப்பதற்குள் புரட்ட வேண்டும்.

சரி மக்களே, முடியவில்லை, ஃபேனைப் போடுகிறேன். வரட்டுமா.